புகை வராத கரி

கொக்கு என்று பெயரெடுத்தவன் கோழி வளர்க்கப் போனான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆறடிக்கு மேல் உயரம், நீளக் கழுத்து, நடந்தால் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற நடை. அந்தப் பெயரை வைத்தவர்கள் தூரத்து ஊர்க் கிடங்கில் அவனோடு மூட்டை அடுக்கிய ஆட்கள். பதினோரு வருஷம் அங்கே கிடந்தான். எட்டுப் பேருக்கு ஒரு அறை, வருஷத்துக்கு இரண்டு தடவை வீடு. கல்யாணமாகி அத்தனை காலத்தில் பெண்டாட்டியோடு சேர்ந்திருந்த நாளைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. அதை ஒருநாள் அவளே கூட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு புருஷன் இருக்கான்னு வெளியில சொல்லிக்கவே வெக்கமா இருக்குங்க" என்றாள். அன்றைக்குப் பிறந்ததுதான் கோழிப் பண்ணை யோசனை.

நல்ல யோசனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் நீளமாக ஒரு கொட்டகை. குஞ்சும் தீனியும் கம்பெனி கொடுக்கும். இவர்கள் வளர்த்துக் கொடுத்தால் கூலி. அவன் மூட்டை முடிச்சோடு ஊர் வந்து சேர்ந்தான். இரண்டு வருஷம் வண்டி நன்றாகவே ஓடியது. அவள் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. சண்டை போடக்கூட வீட்டில் ஆள் இருக்கிறதே என்று அவளுக்குப் பெருமை, அதனாலேயே நாளுக்கு ஒரு சண்டையாவது போட்டாள்.

அப்புறம் கேஸ் விலை மலையேறியது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோழிக்குஞ்சுக்கு முதல் பத்து நாள்தான் கண்டம். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத அந்த உருப்படிக்கு உடம்பில் சொந்தச் சூடு போதாது. தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். நாலாயிரம் குஞ்சுக்குத் தாய்க்கோழிக்கு எங்கே போவது? அதனால் வட்டமாகத் தகரத் தடுப்பு வைத்து, அதற்குள் ஆயிரம் ஆயிரமாகக் குஞ்சை விட்டு, மேலே ஒரு தகரக் குடையைத் தொங்கவிட்டு, குடைக்கடியில் கேஸ் அடுப்பை எரிய விடுவார்கள். நாலு வளையம், நாலு அடுப்பு, ராப்பகலாக எரியவேண்டும். எங்கேயோ சண்டையாம், எங்கேயோ கப்பல் வரவில்லையாம், டி.வி.யில் படம் போட்டுக் காட்டினார்கள். எவனோ இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் இங்கே கோழிக்குஞ்சு ஏன் நடுங்கவேண்டும்? கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல ஒரு நாதி இருக்காது.

போன தடவை கொக்கு கேஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று நாலு அடுப்பில் இரண்டை அணைத்தான். குளிரில் மூன்றில் ஒரு பங்கு குஞ்சு போய்விட்டது. கம்பெனி சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் வந்தார், குனிந்து எண்ணினார், நோட்டில் எழுதினார். கெட்ட மனுஷன் இல்லை. போகும்போது சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் குஞ்சு வராது."

குஞ்சு வராவிட்டால் பண்ணை இல்லை. பண்ணை இல்லாவிட்டால் கொக்கு மறுபடி அந்தக் கிடங்குக்குப் பறக்க வேண்டியதுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சண்டை போடவே இல்லை.

இந்தத் தடவை குஞ்சு இறங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. வெயிலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த சிலிண்டர்கள் நாலு நாள் தாங்கும், அவ்வளவுதான். கடைக்காரரிடம் போன் போட்டால், "விலையை விடுங்க அண்ணே, முதல்ல சரக்கே இல்லை" என்று வைத்துவிட்டார். விலை ஏறினால் கடன்பட்டாவது வாங்கலாம். சரக்கே இல்லையென்றால் யார் காலில் விழுவது?

அவளுடைய தம்பி வெல்டர். கொக்குக்கு மச்சான். கையில் இரும்பும் வாயில் யோசனையும் எப்போதும் இருக்கும்.

"கரண்ட்ல பெரிய பல்பு போடலாம் மாமா."

"கரண்ட் எங்கடா இருக்கு? இருக்கற நேரத்துக்கே பில்லைத் தொட்டா ஷாக் அடிக்குது."

"அப்ப சோலார்?"

"நானும் கேட்டேன். ஒருத்தன் வந்து அழகா விளக்கினான். வெயில் அடிச்சா சூடு வருமாம். வெயில் அடிச்சா எனக்கு எதுக்குடா அவன்?"

மச்சான் சிரித்துவிட்டு, சும்மா இருக்காமல் ஒரு பழைய டிரம்மை அறுத்து மரத்தூள் அடுப்பு செய்துகொண்டு வந்தான். புகை போகக் குழாயெல்லாம் வைத்திருந்தான். எரிந்தது, எரியாமல் இல்லை. ஆனால் மழையில் தூள் நமுத்துப்போய் புகை பாதி குழாய் வழியாகவும் பாதி குஞ்சுகளின் மூக்கு வழியாகவும் போனது. அரை மணி நேரத்தில் குஞ்செல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தும்ம ஆரம்பித்தன. அணைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, நேற்றுவரை "அள்ளிட்டுப் போங்கப்பா, இடம் அடைக்குது" என்று கெஞ்சிய மர மில்காரர், ஊரே தூளைத் தேடுகிறது என்று தெரிந்ததும் தராசு வாங்கி வைத்துவிட்டார். சோளத் தட்டைக்குப் போனால் அதுவும் அப்படித்தான். எதைத் தொட்டாலும் இவர்களுக்கு முன்னால் நாலு பேர் தொட்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் மச்சான் மூன்று சாக்கு மரக்கரியோடு வந்து இறங்கினான். பட்டறை ஒன்றை மூடிவிட்டார்களாம், மிச்சம் கிடந்ததைச் சும்மா கொடுத்தார்களாம்.

"சும்மாவா?" என்றான் கொக்கு.

"சும்மாதான் மாமா. எடுத்துட்டுப் போடான்னாங்க."

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று சொல்வார்கள். ஆனால் கொக்கு அப்படி ஒன்றும் அவசரப்படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கொட்டகைக்கு வெளியே கூரைத் தாழ்வில் ஒரு தகரத் தட்டில் கொஞ்சம் கரியைப் பற்றவைத்தான். முதலில் கொஞ்சம் புகைந்தது, பிறகு செக்கச்செவேலென்று கனிந்தது. குனிந்து முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். கண் எரியவில்லை, நாற்றமில்லை, ஒரு நூல் புகை இல்லை.

"புகையே இல்லடா மாப்ளே!" அவன் குரலில் ஐந்து நாளாக இல்லாத உற்சாகம்.

"நான்தான் சொன்னேனே. குழாயே வேண்டாம். அப்படியே குடைக்கடியில கல்லை வெச்சு அதுமேல தட்டை வெச்சுடலாம்."

வைத்தார்கள். வளையத்துக்கு இரண்டு தட்டு, எட்டுத் தட்டு. இவ்வளவு பாடுபட்டு வந்த சூடு வெளியே போகலாமா? கொட்டகையைச் சுற்றித் தொங்கும் படுதாக்களை இறக்கிக் கட்டினார்கள். படுதாவும் படுதாவும் சேருகிற இடுக்கிலெல்லாம் காற்று விசிலடித்துக்கொண்டு வந்தது. அவள் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய சாக்கைக் கிழித்து, இடுக்கு இடுக்காக வைத்துத் தைத்துக்கொண்டே வந்தாள். குழந்தைக்குச் சட்டை தைப்பதுபோல் அவ்வளவு அக்கறை. கடைசி வளையத்துக்குப் பக்கத்தில், கதவோரத்தில் வந்தபோது ஊசி முறிந்துவிட்டது.

"ஊசியை ஒடைச்சுட்டியா? நல்ல நேரம் பார்த்த போ!" என்று கொக்கு எரிந்து விழுந்தான். "இந்த ஓட்டை வழியா எல்லாச் சூடும் போகப்போகுது."

"ஊசி என்ன எங்க அப்பா வீட்டு இரும்பா? வேற வாங்கிட்டு வாங்க, தைக்கிறேன்" என்றாள் அவள். குஞ்சு இறங்கியதிலிருந்து போட்ட முதல் சண்டை. இரண்டு பேருக்குமே அதில் உள்ளூர ஒரு நிம்மதி.

இனிமேல்தான் விஷயம். குஞ்சு வளர்ப்பவனுக்குச் சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் தேவையில்லை, குஞ்சே சொல்லிவிடும். குளிர் என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கும்பலாக அப்பிக்கொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தும். சூடு அதிகமென்றால் தகரத் தடுப்பை ஒட்டி ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டு இரைக்கும். சரியான சூடு என்றால் வளையம் முழுக்க ஒரே சீராகப் பரவி, சத்தம் அடங்கி, கழுத்தை நீட்டிப் படுத்துக்கொள்ளும். இதைக் கொக்குக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வருஷம் கண்ணை அகட்டிப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது. அதில் அவனுக்கு ஒரு கர்வமே உண்டு. 'கண்ணை மூடிட்டுக் காதை மட்டும் வெச்சுச் சொல்லிடுவேன்' என்பான்.

பதினொரு மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தான். கும்பல் கலைந்திருந்தது. கேஸ் தீர்ந்ததிலிருந்து காதைத் துளைத்த கத்தல் பாதியாகக் குறைந்திருந்தது. அவள் ஒவ்வொரு வளையமாகத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவி நிரப்பிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் உள்ளேயே இருந்துவிட்டு வெளியே வந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னமோ தலை சுத்துது. மண்டையைப் போட்டு இடிக்குது."

"அஞ்சு நாளா தூங்கலையே, சுத்தாம என்ன செய்யும்? போய்ப் படு."

அவள் கொல்லையில் போய் வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றோடு வேலை செய்தால் இப்படித்தான் என்று அவளே சொல்லிக்கொண்டாள். அவனுக்கும் தலை லேசாகக் கனத்தது. அவனுக்கும் தூக்கமில்லைதானே? காரணம் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒன்று இருக்கும்போது, யார் எழுந்து போய் இன்னொன்றைத் தேடுவார்கள்?

மதியம் ஒரு மணிக்கு மறுபடி போனான். கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் நீட்டினான். கதவோர வளையத்தில் கொஞ்சம் சத்தம் இருந்தது. ஓட்டை வழியாகக் காற்று வருகிறது, சொன்னால் கேட்டாளா என்று நினைத்துக்கொண்டான். அதற்கு அப்பால் இருந்த மூன்று வளையமும் அடங்கிக் கிடந்தன. மூவாயிரம் குஞ்சும் சீராகப் பரவி, கழுத்தை நீட்டி, ஒரு சத்தமில்லாமல். கரி சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. இவ்வளவு அழகாகக் குஞ்சு படுத்து அவன் பார்த்ததே இல்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுப்பிவிடக் கூடாதே என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

வீட்டுக்குள் வந்து, படுத்திருந்தவளிடம் ரகசியம்போலச் சொன்னான்: "எல்லாம் தூங்குது."

"நெசமாவா?"

"நெசமா. போய்ப் பாக்காதே, எழுந்துக்கும். பொழைச்சோம்டி."

அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். அவன் வெறும் தரையில் சாய்ந்தான். ஐந்து நாள் தூக்கம் அவனை அடித்துப் போட்டது.

அவனை எழுப்பியது அவள் குரல். மணி நாலு இருக்கும். தலைவலி கொஞ்சம் குறைந்ததும் அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போயிருக்கிறாள். எழுப்பக் கூடாதென்று மெதுவாக நடந்து, மூன்றாவது வளையத்துக்குள் கையை விட்டுக் கிண்ணத்தை எடுத்திருக்கிறாள். கை பட்ட குஞ்சு நகரவில்லை. இன்னொன்றைத் தொட்டிருக்கிறாள். கத்தவில்லை அவள். கதவண்டை வந்து நின்று, "ஏங்க, இங்க வாங்களேன்" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். அந்தச் சாதாரணக் குரலுக்கு அவன் செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

உள்ளே போனான். ஒன்றை எடுத்தான். மெத்தென்று, சூடாக, தலை தொங்கியது. கரிச்சூட்டில் பிணம்கூட வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. அவன் முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தான். எதுவும் கழுத்தை நிமிர்த்தவில்லை.

"வெளியே வாங்க! உங்களுக்கும் ஏதாவது ஆயிடப்போகுது, வெளியே வாங்க!" என்று அவள் இப்போதுதான் கத்தினாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்திராவிட்டால் அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். இரண்டு பேருமாக அவள் தைத்த தையலையெல்லாம் அரிவாளால் அறுத்துப் படுதாவைத் தூக்கினார்கள். காற்றும் சாரலும் உள்ளே பாய்ந்தன. எட்டுத் தட்டையும் அவன் வெறுங்கையால் தூக்கி மழையில் எறிந்தான். கை கொப்பளித்தது அப்புறம்தான் தெரிந்தது.

போன் போட்டதும் சூப்பர்வைசர் ஐந்து மணிக்கு மழைக்கோட்டோடு வந்தார். ஒரு குஞ்சை எடுத்து, கத்தரிக்கோலால் நெஞ்சைப் பிளந்தார். ரத்தம் பளீரென்று, பழம்போலச் சிவந்திருந்தது. சீக்கு வந்து செத்த குஞ்சுக்கு இந்த நிறம் வராது.

"கரி போட்டீங்களா?"

"ஆமா சார். ஆனா புகையே வரலை சார். நானே மூஞ்சியை வெச்சுப் பார்த்தேன். ஒரு துளி புகை வரலை."

"புகை வந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க" என்றார் அவர். "அது கண்ணுக்குத் தெரியாத விஷக்காத்து. எல்லாத்தையும் மூடிட்டுக் கரியை எரிச்சா வரும். தூக்கம் வர்ற மாதிரி வந்து ஆளையே முடிச்சிடும்." அப்புறம் அவளைப் பார்த்தார். "அம்மா உள்ள இருந்தாங்களா? முதல்ல அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லை சார்" என்றாள் அவள். "நாங்க நல்லாத்தானே வெச்சுக்கிட்டோம்? நீங்களே சொல்லுங்க, நல்லாத்தானே வெச்சுக்கிட்டோம்?"

அவர் நோட்டை எடுத்தார், எழுதாமல் மூடினார். "போன தடவையே நான் பேசித்தான் குஞ்சு வந்துச்சு. இந்தத் தடவை என் பேச்சு எடுபடாது. என்னைத் தப்பா நினைக்காதீங்க."

யாரைத் தப்பாக நினைப்பது? கரி கொண்டுவந்த மச்சானையா? அவன் செய்தி கேட்டு ஓடிவந்து, மழையில் நனைந்துகொண்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு, "நான்தான் மாமா, நான்தான்" என்று புலம்பிக்கொண்டிருந்தான்.   தூங்குகிறதென்று கதவைச் சாத்தியது கொக்கு இல்லையா? ஒரு மணிக்கு அந்தக் கதவைத் தடாலென்று திறந்திருந்தால், பாதியாவது, கால்வாசியாவது... ஐயோ, அந்த நினைப்பை அவனால் முடிக்கவே முடியவில்லை.

கதவோர வளையத்தில் ஊசி முறிந்த ஓட்டை காப்பாற்றிக் கொடுத்தது முந்நூறு குஞ்சு. அவை இப்போது சாரலில் நனைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, உயிர்போகிறாற்போல் கத்தின.

"இதுங்களை என்ன சார் செய்யறது?" என்றான் கொக்கு.

"நாளைக்குக் காலையில கம்பெனி வண்டி வந்து எடுத்துக்கும். அதுவரைக்கும் எப்படியாவது தாக்காட்டுங்க." மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

எப்படியாவது. அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால்! மச்சான் ஊர் முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். கேஸ் இல்லை. கரண்ட் இல்லை. கரி மட்டும் இரண்டு சாக்கு இருந்தது. படுதாவை மூடிக் கரியைப் போட்டால் விஷம், திறந்து வைத்தால் குளிர். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். மூன்று பேர் காதிலும் அந்தக் கத்தல்தான். ஒவ்வொரு குஞ்சாகக் கத்தலை நிறுத்திக்கொண்டிருந்தது.

அவள்தான் முதலில் அசைந்தாள். துணிக் கூடையை எடுத்துவந்து, அள்ளி நிரப்பி, வீட்டுக்குள் கொண்டுபோனாள். அவனும் ஒரு கூடையை நிரப்பிக்கொண்டு பின்னாலேயே போனான். படுக்கை அறையில் கட்டில்மேல் இருந்த போர்வைகளையெல்லாம் அவள் விரித்திருந்தாள். பெட்டியைத் திறந்து, இரண்டு பேருடைய கம்பளியையும், அவன் கிடங்கில் போட்டிருந்த கனத்த சட்டையையும் எடுத்துப்போட்டாள். குஞ்சுகளைக் கட்டிலின் ஒரு பாதியில் நெருக்கமாக இறக்கி, ஓரத்தில் தானும் ஒருக்களித்துப் படுத்து, தன் உடம்போடு அணைத்தாற்போல் போர்வையை இழுத்தாள்.

"அந்தப் பக்கம் போதாதே. இதுங்களை எங்க விடறது?" என்றான் அவன், கூடையோடு நின்றுகொண்டு.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கோபமே இல்லை.

"உங்க பக்கத்துலயே விடுங்க" என்றாள். "நீங்க எப்படியும் இனிமே இங்க படுக்கப்போறதில்லையே."

அவன் கொப்பளித்த கையால் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் தலையணையை ஒட்டி இறக்கினான்.